பத்துக்குப் பத்தும் பரவாயில்லை

மதிப்பீட்டுப் பிரிவில் இந்த மாதம் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் அரை மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். முப்பத்து நான்கு வருடம் மதிப்பெண்களோடு மல்லுக்கட்டியவளுக்கு அரை மணி நேரம் போதும் என்று யார் முடிவு செய்தார்கள் என்று தெரியவில்லை. நான் எந்தக் கதையை ஆரம்பித்தாலும் என் வீட்டுக்காரர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். நீங்கள் போக முடியாது, வருகைப் பதிவு இருக்கிறது. அதனால் ஒரே ஒரு கதையை முழுதாகச் சொல்கிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் முன்னால் நடந்தது. இன்றைக்கும் நினைத்தால் உட்கார முடியாது, எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவேன்.

அப்போது நான் துடியலூரில் ஒரு தனியார் திறன் தேர்வு மையத்தில் இருந்தேன். தொழிலாளர்கள் வந்து வேலை செய்து காட்டுவார்கள், தேர்வாளர்கள் பார்த்து மதிப்பிடுவார்கள், தேறியவர்களுக்குச் சான்றிதழ். அந்த மதிப்பெண்களைச் சரிபார்த்துப் பட்டியல் போடுவது எங்கள் பிரிவு. இந்தக் கதை மோட்டார் வைண்டிங் தேர்வைப் பற்றியது. பம்பு மோட்டாருக்குள் செம்புக் கம்பியைச் சுற்றி உட்கார வைக்கிற வேலை. கம்பி இறுக்கம், மின்கசிவைத் தடுக்கும் காகித உறை, இணைப்பு என்று பத்து அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் தேர்வாளர் ஐந்து சொற்களில் ஒன்றை டிக் செய்ய வேண்டும்: மோசம், சுமார், பரவாயில்லை, நன்று, மிக நன்று. மோசத்துக்குப் பூஜ்யம், மிக நன்றுக்கு நான்கு. மொத்தம் நாற்பது, தேற இருபத்து நான்கு. எண்ணைக் கண்டால் பட்டறைக்காரர்கள் மிரளுவார்கள், சொல்லாகக் கொடுப்போம் என்று யோசனை சொன்னது நான்தான். அந்த ஐந்து சொற்களையும் எழுதியதும் நான்தான். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் பழி யார்மேல் என்று தேட வேண்டாம்.

ஐந்து தேர்வாளர்கள். எல்லாரும் பம்புப் பட்டறைகளில் வேலை பார்த்துத் தேர்ந்தவர்கள். தேர்வுக்கு வந்தவர்களில் யார் எந்த மேசைக்குப் போவது என்று சீட்டுக் குலுக்கிப் போடுவோம். ஆனால் ஒருவரை ஒரே ஒரு தேர்வாளர்தான் பார்ப்பார். இப்படி இருந்தால் என்ன சிக்கல் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கை இறுகிய தேர்வாளரிடம் மாட்டியவருக்கு ஒரு விதி, தாராளமானவரிடம் போனவருக்கு ஒரு விதி.

எங்களில் கை இறுகியவர் வேலுச்சாமி அண்ணன். அறுபது வயது, அதிகம் பேச மாட்டார், சட்டைப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி. அவர் மேசையின் சராசரி மற்றவர்களுடையதைவிட மூன்று மதிப்பெண் குறைவு. ஒரு தடவை என்றால் தற்செயல் என்று விடலாம், தொடர்ந்து இரண்டு தேர்விலும் அதே மூன்று.

இதை என்ன செய்வது என்று எங்கள் அறையில் மூன்று கட்சி. இயக்குநர், தேர்வாளர் போட்டது போட்டதுதான், கை வைக்காதே என்பார். நான் இரண்டாவது கட்சி. கடிகாரம் ஐந்து நிமிடம் பின்னால் ஓடினால் என்ன செய்வோம், ஐந்தைக் கூட்டிக்கொள்வோம். அதேபோல வேலுச்சாமி மேசையில் இருக்கிற எல்லாருக்கும் மூன்றைக் கூட்டு, விவகாரம் முடிந்தது. மூன்றாவது கட்சி ஜெசிந்தா. போத்தனூர்ப் பெண், சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அவள் சொன்னது இது: மேடம், கடிகாரம் பின்னால் ஓடுகிறது என்று எப்படித் தெரியும்? முகப்பில் எண்களே இடம் மாறி அச்சாகியிருந்தால்? ஒவ்வொரு தேர்வாளருக்கும் ஒவ்வொரு சொல்லும் எவ்வளவு பெறும் என்று தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். அதற்கு, தேர்வில் சுற்றிய மோட்டார் துண்டுகளில் சிலவற்றையாவது எல்லாத் தேர்வாளர்களும் பார்த்து மதிப்பிட்டிருக்க வேண்டும், அதுதான் ஒருவர் கணக்கை இன்னொருவர் கணக்கோடு இணைக்கும் பாலம்.

நான் சிரித்தேன். ஐந்து தேர்வாளருக்கு இவ்வளவு பெரிய கணக்கா, கொசு அடிக்கக் கடப்பாரை எதற்கு என்று கிண்டலும் செய்தேன். தலைக்கனம், வேறென்ன. இரண்டு தேர்விலும் என் வழிதான் நடந்தது. இயக்குநரை நான்தான் பேசிப் பேசி மடக்கினேன். மூன்றைக் கூட்டினோம், சான்றிதழ்கள் போயின, எனக்குப் பாராட்டும் கிடைத்தது.

மூன்றாவது தேர்வு. பட்டியல் தயார், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வெளியிட வேண்டும். தேறியவர், தேறாதவர் என்று அன்று காலையிலேயே எல்லாருக்கும் குறுஞ்செய்தி போய்விட்டது. பதினோரு மணிக்கு ஒரு பெண் வந்து வரவேற்பில் நிற்கிறார், போக மாட்டேன் என்கிறார் என்று சொன்னார்கள். பெயர் ஷகிலா. கோட்டைமேட்டில் வீட்டிலேயே பதினொரு வருடமாக வைண்டிங் செய்கிறவர். அவர் கம்பி சுற்றிக் கொடுக்கும் தொழிற்சாலை புதிதாக ஒரு வைண்டிங் பிரிவு திறக்கிறது, அதற்கு மேற்பார்வையாளராக அவரை எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறது, சான்றிதழ் மட்டும் வேண்டும். திங்கட்கிழமை ஆளை முடிவு செய்கிறார்கள். அவர் இல்லையென்றால் அந்த இடம் தேறிய இன்னொருவருக்கு. நாங்கள் கூட்டிய மூன்றையும் சேர்த்து அவருக்கு இருபத்து மூன்று. ஒரே ஒரு மதிப்பெண்.

அழுதுகொண்டு வந்திருந்தால் நான் ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பேன், அது எனக்கு நன்றாக வரும். அவர் அழவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாஸ் போட்டுக் குடுங்கன்னு வரலைங்க மேடம். பத்துல எது தப்புன்னு மட்டும் காட்டுங்க. நான் திருத்திக்கறனுங்க."

நியாயமான கேள்வி. அவருடைய தாளை எடுத்தேன். எடுத்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. பத்து அம்சத்துக்கும் வரிசையாக ஒரே சொல். பரவாயில்லை, பரவாயில்லை, பரவாயில்லை. நடுவில் இருக்கிற கட்டத்தில் மேலிருந்து கீழே ஒரே கோடு இழுத்த மாதிரி. மேசை எண்ணைப் பார்த்தேன், வேலுச்சாமி. பார்க்காமலே நடுக் கட்டத்தை நிரப்பிவிட்டுப் போயிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். புத்தகத்தில் அதற்கு ஒரு பெயரே உண்டு, நடுவில் ஒதுங்குதல். ஷகிலாவைத் தேநீர் குடிக்க அனுப்பிவிட்டு, கீழே கூடத்தில் இருந்த அவரை மேலே வரச் சொன்னேன். கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன். ஒரு தொழிலாளியின் பிழைப்பு இதில் இருக்கிறது, பத்து அம்சத்தையும் தனித்தனியாகப் பார்த்தீர்களா இல்லையா என்று.

அவர் முகம் வாடிவிட்டது. பூதக்கண்ணாடியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஏனுங்க மேடம், அந்த அம்மணிக்குப் பத்துக்குப் பத்தும் பரவாயில்லைன்னு போட்டிருக்கறனுங்க. இதுக்கு மேல ஒரு ஆளுக்கு என்னங்க போடறது?"

அவர் கோபத்தில் பேசவில்லை என்பதுதான் என்னை உலுக்கியது. மனிதர் உண்மையாகவே கேட்கிறார். அப்படியானால் நன்று என்றால் என்னங்கண்ணா என்று கேட்டேன்.

"அது மரியாதைக்குங்க. வந்தவங்க மனசு நோவக் கூடாதுங்களே. விருந்துக்குப் போனா, உப்பு இல்லாட்டியும் சாப்பாடு நல்லாருக்குதுங்கன்னு சொல்லிப்போட்டுத்தானுங்க வாரோம். மெய்யாலுமே நல்லாருந்தாத்தான் வாயில பரவாயில்லைங்கன்னு வரும்."

மிக நன்று? அது பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் போடுவது என்றார். மோசம்? ஒருத்தர் வேலையைப் பார்த்து மோசம் என்று கையால் எழுதுவது எப்படி, அதற்குத்தான் சுமார் இருக்கிறதே என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. ஏனென்று கேளுங்கள். நான் ஒன்றும் வெளியூர்க்காரி இல்லை, தாராபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் என் அண்ணன் தன் மகளுக்கு மாப்பிள்ளை வீடு பார்த்துவிட்டு வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே, பரவாயில்லை என்று ஒரு வார்த்தை சொன்னார். அடுத்த வாரமே நிச்சயம் செய்தோம். அது சம்மதம் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதே வார்த்தையை அலுவலகத்தில் உட்கார்ந்து நானே இரண்டு மதிப்பெண் என்று எழுதியிருக்கிறேன். ஆங்கிலப் படிவத்தைப் பார்த்து வரிசையாகத் தமிழ்ச் சொல் நிரப்பியதில் ஊரை மறந்துபோனேன்.

ஜெசிந்தாவை ஓடி வரச் சொன்னேன். வேலுச்சாமி மேசைத் தாள்களைப் பரப்பினோம். ஐயோ, அந்த அரை மணி நேரத்தை எப்படிச் சொல்வேன்! உங்களுக்கும் ஒரு நாள் இது நடக்கும், மொத்தமாக ஒரு குவியலாகக் கிடந்தது திடீரென்று முகம் காட்டும். ஒருவருக்கு ஆறு நன்று, நான்கு சுமார். எங்கள் கணக்கில் பதினெட்டும் நான்கும் இருபத்திரண்டு, கூட்டிய மூன்றோடு இருபத்தைந்து, தேறிவிட்டார். வேலுச்சாமி அகராதியில் அதன் பொருள் என்ன? ஆறு இடத்தில் ஏதோ ஒப்பேற்றியிருக்கிறார், நான்கு இடத்தில் உருப்படி இல்லை. பத்தும் அருமையாகச் செய்த ஷகிலா வெளியே, இவர் உள்ளே. இயக்குநர் சொன்னபடி சும்மா விட்டிருந்தால்கூட இருவரும் வெளியே நின்றிருப்பார்கள். என் மூன்றுதான் தவறான ஆளுக்குக் கதவைத் திறந்துவிட்டது. கடிகாரம் சரியான நேரத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது, எண்தான் இடம் மாறியிருந்தது.

ஆனால் இங்கேதான் நீங்கள் நிதானிக்க வேண்டும். ஒரு மனிதர் ஒரு வார்த்தைக்கு ஒரு பொருள் சொன்னார் என்பதற்காகப் பட்டியலைத் தலைகீழாகப் புரட்ட முடியாது. அவர் தன் தவற்றை மறைக்க அப்படிச் சொல்லியிருக்கலாம். எனக்குக் கேட்கப் பிடித்ததால் நான் நம்பியிருக்கலாம். இயக்குநரும் அதைத்தான் கேட்டார், ஆதாரம் என்ன என்று. கீழே கூடத்தில் வேலுச்சாமி மேசையில் சுற்றிய துண்டுகள் இருபதும் இன்னும் அலமாரியில் இருந்தன, செம்பை எடுக்கத் திங்கட்கிழமைதான் பிரிப்பார்கள். ஜெசிந்தா கேட்ட பாலம் கண்முன்னால் கிடக்கிறது. வெளியீட்டைச் சனிக்கிழமை மதியம்வரை தள்ளி வையுங்கள் என்று கேட்டேன். இயக்குநர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சரி, மதியத்துக்கு மேல் ஒரு நிமிடம் தர மாட்டேன் என்றார்.

ஷகிலாவிடம் நாளைக்குச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். நம்பிக்கை கொடுக்கிற மாதிரி ஒரு வார்த்தை வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். பிறகு ஐந்து தேர்வாளர்களும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வந்தார்கள். துண்டுகளில் இருந்த பெயர்ச்சீட்டுகளைக் கழற்றிவிட்டு எண் மட்டும் ஒட்டினோம். ஒவ்வொருவரும் இருபதையும் தனியாகப் பார்த்து மதிப்பிட வேண்டும், ஒருவரோடொருவர் பேசக் கூடாது. காரணம் யாருக்கும் சொல்லவில்லை. வேலுச்சாமி அண்ணனிடம் மட்டும் எப்போதும் போடுகிறபடி போடுங்கள் என்று சொன்னேன். நேற்றுக் கேட்ட கேள்வியால் அவர் தன் வழக்கத்தை மாற்றிவிடக் கூடாது என்று எனக்குப் பயம்.

பதினோரு மணிக்கு எண்கள் கைக்கு வந்தன. ஜெசிந்தா தட்டச்சு செய்கிறாள், நான் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு அவளைப் படுத்துகிறேன். மேடம், தயவுசெய்து உட்காருங்கள் என்று மூன்று தடவை சொல்லிவிட்டாள். மற்ற நால்வரும் நன்று, மிக நன்று என்று போட்ட இடங்களில் வேலுச்சாமி பரவாயில்லை என்று போட்டிருந்தார். அவர் நன்று போட்ட இடங்களில் மற்றவர்கள் சுமாருக்கும் பரவாயில்லைக்கும் நடுவில் தடுமாறியிருந்தார்கள். கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் இப்படியே. சொற்களை அவருடைய வரிசைப்படி அடுக்கிப் பார்த்தால் இன்னொன்று தெரிந்தது, நான் எதிர்பார்க்காதது. நல்ல துண்டையும் கெட்ட துண்டையும் பிரித்துக் காட்டுவதில் ஐந்து பேரில் அவர்தான் முதல். இரண்டு தேர்வாக நான் திருத்திக்கொண்டிருந்தது எங்களிடம் இருந்த மிகக் கூரிய கண்ணை.

நான் கைதட்டிவிட்டேன். அலுவலகத்தில், இந்த வயதில். ஜெசிந்தாவைக் கட்டிக்கொண்டு, நீ சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு, இருபது துண்டு கொஞ்சம்தான் மேடம், இதை வைத்து மதிப்பெண்ணை நேரடியாக மாற்றக் கூடாது என்றாள். பாருங்கள், வென்ற நேரத்திலும் நிதானம். அவள் பேச்சைக் கேட்டோம். வேலையே கையில் இருக்கும்போது கணக்கு எதற்கு? அந்த மேசைக்கு மற்ற நால்வர் போட்டதன் சராசரியே மதிப்பெண் என்று முடிவு செய்தோம். சொற்களின் கணக்கை அதற்கான காரணமாக மட்டும் கோப்பில் வைத்தோம். திருத்தப் போகிற பொருளைத் திரும்பப் பார்க்க முடியுமானால் முதலில் பாருங்கள், முடியாத இடத்துக்குத்தான் சூத்திரம்.

ஷகிலாவுக்கு முப்பத்தொன்று. மதியம் பன்னிரண்டுக்குப் பட்டியல் போனது.

அவர் இரண்டு மணிக்குச் சான்றிதழ் வாங்க வந்தார். என் உற்சாகம் இன்னும் அடங்கவில்லை. உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கடிகாரம், முகப்பு, விருந்துச் சாப்பாடு, அண்ணன் பார்த்த மாப்பிள்ளை, ஒன்றும் விடவில்லை. கம்பி சுற்றுகிறவருக்கு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று ஒரு நொடிகூட எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவு பரபரப்பு. அவர் பொறுமையாகக் கேட்டார். வேலுச்சாமி பத்துக்குப் பத்தும் போட்டிருந்தார் என்றதும் முகமெல்லாம் மலர்ந்தது. சான்றிதழைவிட அதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது என்று நினைக்கிறேன். பிறகு சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்பப் போன ரெண்டு தடவையும் அவருகிட்ட நன்று வாங்குனவங்க பாஸாயிருப்பாங்கல்லங்க மேடம்? அவங்க சுத்துன மோட்டாரெல்லாம் இப்ப எந்தெந்தக் கெணத்துல ஓடுதுங்க?"

குறை சொல்லும் குரல் இல்லை. காகித உறை சரியாக உட்காராத மோட்டார் தண்ணீருக்குள் என்ன செய்யும், சுவிட்சைப் போடுகிறவர் கைக்கு என்ன ஆகும் என்று தெரிந்த ஒருவர் கேட்ட கேள்வி. ஒரு நாள் முழுக்கத் துள்ளிக் குதித்தவளுக்கு, ஆதாரம், வழிமுறை என்று அத்தனையும் யோசித்தவளுக்கு, இது மட்டும் தோன்றவே இல்லை. அவர் போனதும் நானும் ஜெசிந்தாவும் பழைய இரண்டு தேர்வின் தாள்களை எடுத்தோம். துண்டுகளைப் பிரித்துச் செம்பை எப்போதோ எடுத்துவிட்டார்கள், திரும்பப் பார்க்க வழியே இல்லை. தாளில் இருந்ததை வைத்துப் பார்த்தால், என் மூன்றால் உள்ளே போனவர்கள் ஒன்பது பேர். தேறியிருக்க வேண்டியும் வெளியே போனவர்கள் ஏழு பேர். எல்லாருக்கும் மறுதேர்வு வைக்கிறோம் என்று எழுத வேண்டும், ஒன்பது பேரிடம் சான்றிதழைத் திரும்பக் கேட்க வேண்டும். மறுதேர்வில் என்ன ஆயிற்று என்பதை ஜெசிந்தாவிடமே கேட்டுக்கொள்ளுங்கள், அவள்தான் இப்போது உங்கள் பிரிவின் தலைவி. அந்தக் கணக்குப் பக்கம் அவள் என்னை அண்டவே விடவில்லை, அது சரிதான்.

அந்தக் கடிதங்களைத் திங்கட்கிழமை அலுவலகத்தில் அடித்துக் கொடுத்தார்கள். காரணம் என்ற இடத்தில் 'தேர்வாளரின் மதிப்பீட்டுப் பிழை' என்று இருந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை, எப்போதும் எழுதுகிற வரி அது. வேலுச்சாமி அண்ணன் அதைப் படித்திருந்தாலும், பரவாயில்லைங்க என்றுதான் சொல்லியிருப்பார், அதற்கு என்ன பொருள் என்று நான் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருந்திருக்கும். அந்த வரியை அடித்துவிட்டு, 'மதிப்பெண்ணைத் திருத்தியதில் என் பிழை' என்று எழுதிக் கீழே என் முழுப் பெயரையும் போட்டேன். மறுபடி அச்சடிக்கலாம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பதினாறு கடிதத்திலும் கையாலேயே எழுதினேன்.